காலடியில் பழைய சுரங்கம்

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் அருகே உள்ள சீயமங்கலத்தில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். குடையாமல் விட்ட தூண்கள்தான் மேலிருக்கும் பாறையை இன்றும் தாங்கி நிற்கின்றன. எதைக் குடைந்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். கைவிட்ட சுரங்கத்தில் அதைப் பார்க்க வழியில்லை. மேலே புல் முளைத்துவிடும்; நிலம் மனையாகவும் விலைபோகும்.

சீயமங்கலம் சேர்ந்திருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் பிழைக்கப் போன ஊர் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கித் தோண்டிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவற்றில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பம்புகள் நின்றதும் உள்ளே தண்ணீர் ஏறியது. மூடிய பிறகும் நில அதிர்வுகள் பதிவாயின. கம்பெனி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே பொன் தோண்டியவர்கள் உண்டு. அவர்கள் விட்டுப்போன குழிகளைப் பின்தொடர்ந்துதான் அங்கிருந்த மைசூர் சுரங்கத்தார் சாம்பியன் என்ற பொன் படிவத்தைக் கண்டார்கள். அந்தப் பழங்குழிகளுக்கு வரைபடம் ஏது?

இப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்புமுன் ஆய்வு தொடங்குவது ஆவணக் காப்பகத்தில். சுரங்கத்தைக் கைவிடும்போது வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் அதற்கான பொறுப்பு தன்பாதிலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துடையது. கிடைத்த வரைபடத்தையும் அப்படியே நம்பக் கூடாது. அந்தக் காலத்தில் திசைகாட்டியை வைத்து வரைந்தார்கள். காந்த வடக்கோ ஆண்டுக்காண்டு நகர்கிறது. ஒரே ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 17 மீட்டர் தள்ளிப்போகும். வரைந்த ஆண்டைப் பார்த்துத் திருத்திய பிறகே அதை இன்றைய நிலப்படத்தின் மேல் பொருத்துவார்கள்.

அடுத்து நிலத்தை நடந்து பார்ப்பார்கள். வட்டமாக அமுங்கிய பள்ளம், கல்கழிவு மேடு, இடிந்த செங்கல் சுவர் எல்லாமே தடயங்கள். பிறகு கருவிகள் வரும். மண்ணில் மின்சாரம் செலுத்தினால் காலி இடம் அதைத் தடுக்கும், நீர் நிறைந்த இடம் எளிதில் கடத்தும். ரேடார் அலை காய்ந்த பாறையில் நன்றாக ஊடுருவும், களிமண்ணில் சீக்கிரமே மங்கிவிடும். ஈர்ப்புமானி இன்னும் நுட்பமானது: அடியில் வெற்றிடம் இருந்தால் அங்கே புவியீர்ப்பு இம்மியளவு குறையும், நூறு கோடியில் சில பங்கு மாற்றத்தையும் அது பிடித்துவிடும்.

இவையெல்லாம் சந்தேகத்தைக் குறுக்கித் தருபவை மட்டுமே. தீர்ப்புச் சொல்வது துளை. துளைக்கும் கம்பி திடீரென்று வழுக்கி இறங்கினாலோ, உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பாமல் போனாலோ வெற்றிடம் தட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். முதலில் விஷவாயு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அதன்பின் கேமராவை இறக்குவார்கள். உள்ளே காய்ந்திருந்தால் லேசர், தண்ணீர் நின்றால் ஒலியலை வெற்றிடத்தின் உருவத்தை அளந்து தரும்.

தேங்கிய தண்ணீரை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தன்பாத் அருகிலுள்ள சாஸ்நாலா சாட்சி. 1975 டிசம்பர் 27 அன்று, பழைய சுரங்கத்தில் நின்ற நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் சுமார் 375 தொழிலாளர்கள் மாண்டார்கள். ராணிகஞ்ச் வட்டாரத்தில், தாங்குவதற்காக விட்டுவைத்த நிலக்கரித் தூண்கள் நொறுங்கி, மேலிருக்கும் குடியிருப்புகள் அமுங்குகின்றன. கருங்கல்லுக்கு இருக்கும் ஆயுள் கரிக்கு இல்லை.

வெற்றிடம் இருப்பது தெரிந்துவிட்டால் வழியும் உண்டு. சிமென்டும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த குழம்பைச் செலுத்தி நிரப்பலாம், கிணறுபோல இறங்கும் வாயைக் கான்கிரீட்டால் மூடலாம், அல்லது அந்த இடத்தை மட்டும் தோப்பாக விட்டுவிடலாம். தெரியாமல் கட்டுவதுதான் ஆபத்து. கோலார் தங்கவயலில் தொழிற்பேட்டை வரவேண்டும். வேலையின்றித் தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளுக்கு அது தேவை. அதற்கு முன் பழைய வரைபடங்கள் அனைத்தும் திரட்டப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும். கீழே இறங்கி உழைத்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தட்டு எங்கே போனது என்று அவர்களைக் கேட்டு இப்போதே குறித்துவைக்க வேண்டும். துளையிட்டு இனியும் பார்க்கலாம், அவர்கள் நினைவைப் பிறகு தேட முடியாது.