கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி வாசகர்களின் ஆறாத குறை

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கியது. முடிந்தது 1954 மே மாதத்தில். இந்த மூன்றரை ஆண்டுகளும் இதழ் எப்போது வரும் என்று வீடுகளில் காத்திருந்தார்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மணியம் வரைந்த படங்களோடு பக்கங்களைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அருள்மொழி, குந்தவை, வானதி என்று பெயரிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கதை ஒரு வாரம் ‘முற்றும்’ என்று நின்றபோது, வாசகர்களில் ஒரு பகுதியினருக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

கதை சட்டென்று முடிந்துவிட்டது என்பதுதான் அவர்களுடைய முதல் புகார். ஐந்து பாகங்களில் கடைசிப் பாகமான ‘தியாக சிகரம்’தான் மிக நீளமானது. அதில் மட்டும் 91 அத்தியாயங்கள். அப்படியிருந்தும் ஆசிரியர் கல்கி அவசரமாக முடித்துவிட்டார் என்று வாசகர்களுக்குத் தோன்றியது என்றால், குறை நீளத்தில் இல்லை. எதற்கு விடை கிடைக்கும் என்று இத்தனை நாளும் காத்திருந்தார்களோ, அதற்கு விடை கிடைக்கவில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினி உண்மையில் யாருடைய மகள்? வந்தியத்தேவனும் குந்தவையும் கல்யாணம் செய்துகொண்டார்களா? பொன்னியின் செல்வன் என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பொன்னியின் செல்வனான அருள்மொழி முடிசூடுவதைக் காட்டாமலே கதையை நிறுத்தலாமா?

வாசகர்களின் மனக்குறை கல்கிக்குத் தெரிந்தே இருந்தது. தொடர் முடிந்ததும் தனியாக ஒரு முடிவுரை எழுதினார். புகார்களை அவர் ஒளிக்கவில்லை. கதை திடீரென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் கருதுவதை அதில் அவரே எடுத்துச் சொல்கிறார். முழுக்கக் கற்பனையில் பிறந்த கதையைக் கல்யாணத்தோடோ மரணத்தோடோ முடித்துவிடலாம். சரித்திரக் கதையில் அது முடியாது, ஏனென்றால் அந்த மனிதர்கள் கதைக்குப் பிறகும் வாழ்ந்தவர்கள் என்பது அவருடைய வாதம். பாத்திரங்களுக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்றும் சுருக்கமாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு மாதங்கள்கூட அவர் உயிரோடு இல்லை. 1954 டிசம்பர் 5 அன்று, 55ஆவது வயதில் காலமானார். பாதியில் நின்ற ‘அமர தாரா’வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தார். ‘பொன்னியின் செல்வ’னைப் பொறுத்தவரை அந்த முடிவுரையே கல்கியின் கடைசி வார்த்தை ஆகிவிட்டது.

கல்கியின் வாசகர்களுக்கு ஏமாற்றம் புதிதல்ல. ‘சிவகாமியின் சபத’த்தில் சிவகாமியும் மாமல்லனும் சேரவில்லை. சபதம் நிறைவேறி அவள் காஞ்சிக்குத் திரும்பும்போது அவனுக்கு மணமாகி மக்களும் இருக்கிறார்கள். ஏகாம்பரநாதரையே மணாளனாக வரித்துக்கொள்கிறாள். படித்தவர்கள் அழுதார்கள். ஆனால் அது நிறைவான துக்கம், எதுவும் பாக்கியில்லை. ‘பொன்னியின் செல்வன்’ விட்டுச் சென்ற ஏமாற்றம் வேறு ஜாதி.

அதைப் புரிந்துகொள்ள, கதையின் நடுவில் இருப்பது ஒரு குடும்பத்தின் துயரம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீர சாகசங்களும் ஒற்றர்களும் கடற்பயணமும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. தந்தை சுந்தர சோழர் கால்கள் செயலிழந்து தஞ்சை அரண்மனையில் கிடக்கிறார். மூத்த மகன் ஆதித்தன் காஞ்சியில். பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள அங்கே பொன்மாளிகை கட்டுகிறான், அவர்களோ வரவில்லை. இளைய மகன் அருள்மொழி, பின்னாளைய ராஜராஜன், ஈழத்துப் போர்க்களத்தில். மகள் குந்தவை பழையாறையிலிருந்து எல்லோரையும் காப்பாற்றப் பார்க்கிறாள். சுந்தர சோழருடைய பெரியப்பாவின் மகன் மதுராந்தகனுக்குச் சிம்மாசனத்தின் மேல் கண். இவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியிருந்தால் பாதி விபரீதம் நடந்திருக்காது. அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. கடம்பூர் மாளிகையில் ஒரு ராத்திரி விளக்கணைகிறது, மூத்தவன் பிணமாகிறான்.

அந்த இருட்டுக்குள் கல்கி எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறார்! கரிகாலன் தலைகொண்ட வீரபாண்டியனின் வாளோடு நந்தினி. பழிதீர்க்கச் சபதமிட்ட ரவிதாசனின் ஆட்கள். காளாமுகர் வேடத்தில் நந்தினியின் முதிய கணவர் பெரிய பழுவேட்டரையர். ஒளிந்திருந்த, கரிகாலனின் நண்பன் வந்தியத்தேவன். எல்லோருக்கும் மேலாக, சாவைத் தேடியே அங்கே வந்தவனைப் போல நடந்துகொள்ளும் கரிகாலன். பிறகு பெரிய பழுவேட்டரையர் சபையிலே பழியைத் தானே ஏற்கிறார். அது உண்மையா, வந்தியத்தேவனைக் காப்பாற்றச் சொன்னதா என்ற சந்தேகத்தைக் கல்கி தீர்த்து வைக்கவில்லை. துப்பறியும் கதைபோல வாரா வாரம் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தவர் கடைசி முடிச்சை அவிழ்க்காமல் போனார் என்று வாசகர்கள் கோபித்தது நியாயமே. அந்த எதிர்பார்ப்பை வளர்த்ததும் கல்கிதான்.

சரித்திரம் மௌனமாக இருந்ததால் அவரும் மௌனம் சாதித்தார் என்று இதற்குப் பலர் சமாதானம் சொல்வதுண்டு. அது அரைகுறை உண்மை. சரித்திரம் பெயர் சொல்லியே பேசுகிறது.

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 985இல் முடிசூடியவன் என்பதால் ஏறக்குறைய 987ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானோரை அது சுட்டுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள். அரசுப் பணியில் உயர்ந்த பிராமண அதிகாரிகளுக்கு வழங்கும் பட்டங்கள் இவை. அதிலும் ‘இருமுடிச்சோழ’ என்பது சோழப் பெயரையே தாங்கியது. அரசின் உள்வட்டத்தில் இருந்தவர்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. கொன்றவர்களின் சொத்து மட்டுமல்ல, அவர்களுடைய உடன்பிறந்தார், பிள்ளைகள், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் என்று உறவினர் சொத்தும் பறிமுதலானது. கொலைக்கு ஆளான குடும்பத்தின் துயரத்தைப் பேசும் நாம், எங்கோ பெண் கட்டிக்கொடுத்த குற்றத்துக்காக நிலத்தை இழந்த குடும்பங்களையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம். பக்கத்தில் இருப்பது வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம். ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தில், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது அந்த ஏரிக்கரையில்தான். கொலையாளிகளின் பெயர் பொறித்த கல்லுக்கு அருகிலேயே கல்கி தன் கதையைத் தொடங்கியிருக்கிறார்.

பெயர்கள் கையில் இருந்தும், ரவிதாசனைப் பாத்திரமாகவே கொண்டுவந்தும், கொன்ற கை அவனுடையதுதான் என்று ஏன் அடித்துச் சொல்லவில்லை? கல்வெட்டு யார் என்று சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. யார் தூண்டினார்கள், யாருக்கு லாபம் என்று சொல்லவில்லை. அறிஞர்கள் அங்கேதான் பிரிந்தார்கள். அடுத்துப் பட்டத்துக்கு வந்த மதுராந்தகனான உத்தம சோழன் மேல் சந்தேகம் விழுவதற்கு நீலகண்ட சாஸ்திரியின் எழுத்து இடம் கொடுத்தது. உத்தமன் ஆண்ட பதினைந்து ஆண்டுக் காலத்தில் துரோகிகள் தண்டிக்கப்பட்டதற்குச் சான்றில்லை, ராஜராஜன் வந்த பிறகே நடவடிக்கை வந்தது என்பது அந்தத் தரப்பின் பலம். சதாசிவ பண்டாரத்தார் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. மறுப்பவர்களுக்கும் வலுவான காரணங்கள் உண்டு. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தை மேற்பார்க்கும் பெரிய பொறுப்பில் இருந்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி அதே ஆட்சியில் மரியாதை குறையாமல் திருப்பணி செய்துகொண்டிருந்தார். ராஜராஜன் பெற்ற மகன் ராஜேந்திரனுக்கே மதுராந்தகன் என்ற பெயர்தான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று நம்பும் ஒருவரின் குடும்பத்தை இப்படியா நடத்துவார்கள்?

கொன்றவன் ரவிதாசன் என்று முடித்திருந்தால் கதை ஒரு குற்றக்கதையாகக் கச்சிதமாக முடிந்திருக்கும். உத்தமன் என்று முடித்திருந்தால், நிரூபிக்க முடியாத கொலைப்பழியைச் செம்பியன் மாதேவியின் மகன் மேல் சுமத்தியதாகியிருக்கும். லட்சக்கணக்கான தமிழர்கள் சோழர் வரலாற்றைக் கல்கி மூலமாகவே அறிந்தார்கள் என்பதை நினைத்தால், அந்தப் பழி இன்றுவரை கழுவ முடியாமல் போயிருக்கும். கல்கி இரண்டையும் தவிர்த்தார். குற்றத்தைக் குடும்பம் முழுவதற்கும் பங்கிட்டார். ஆசையை அடக்காத கிழவர், உண்மையை மறைத்த பெரியவர்கள், கோபத்தைக் கைவிடாத இளவரசன் என்று எல்லோர் கையிலும் கொஞ்சம் ரத்தம். அந்தத் தீர்மானம் சரியானது. அதனால் வாசகர்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றம் கொடுத்தே ஆக வேண்டியிருந்த விலை.

முடிசூட்டு விஷயத்திலும் அவர் பக்கம் ஆதாரம் உண்டு. குடிமக்கள் அருள்மொழியை அரியணை ஏறச் சொன்னார்கள், சிற்றப்பன் உத்தமனுக்கு நாட்டின் மேல் விருப்பம் இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் மறுத்தான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். ‘தியாக சிகரம்’ என்ற பாகம் முழுவதும் அதன் மேல் எழுந்ததுதான். வந்தியத்தேவன்-குந்தவை கல்யாணத்துக்கும் சான்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றே குறிக்கிறது.

கல்கி குறை வைத்தது வேறிடத்தில் என்று சொல்லத் தோன்றுகிறது. மகனை இழந்த அந்தப் பெற்றோருக்கு அவர் போதுமான நேரம் கொடுக்கவில்லை. கொலைக்குப் பிறகு கதை விசாரணை, சிறை, தப்பியோட்டம், பட்டத்துக்கு உரியவர் யார் என்ற சிக்கல் என்று பறக்கிறது. கடைசி அத்தியாயமும், வந்தியத்தேவன் மடியில் அவனைக் காதலித்த மணிமேகலை உயிர்விடும் காட்சியாக அமைந்துவிட்டது. உருக்கமான காட்சிதான், ஆனால் இழப்பின் பாரம் உண்மையில் இறங்கியது சுந்தர சோழர் வீட்டில் அல்லவா?

அந்த வீட்டுக்கு நேர்ந்ததோ கொஞ்சமல்ல. மூத்தவன் கொலையுண்டதற்குச் சில ஆண்டுகளுக்குள் சுந்தர சோழரும் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தார். பொன்மாளிகைத் துஞ்சிய தேவர் என்றே பிற்காலக் கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. அவருடைய அரசி வானவன் மாதேவி கணவரோடு தீப்பாய்ந்தார். பால்குடி மறவாத குழந்தையை விட்டுப் பிரிந்து போனார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு பாடுகிறது. ராஜராஜன் பெரிய கோயிலை எழுப்பியபோது, குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் அங்கே திருமேனிகள் செய்து வைத்து, வழிபாட்டுக்கு நகையும் நிதியும் அளித்தார். நாவலோ இந்தச் சாவுகளுக்கு முன்பே நின்றுவிடுகிறது. கொலையாளியின் பெயர் கிடைக்கவில்லை என்று எழுந்த ஆரவாரத்தில், இந்த இடைவெளியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கல்கி விட்ட இடத்திலிருந்து பலர் எழுத வந்தார்கள். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைப் ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாகவே எழுதினார். அகிலன் ராஜேந்திரன் காலத்துக்குப் போய் ‘வேங்கையின் மைந்தன்’ எழுதினார், அதற்கு 1963இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பாலகுமாரனின் ‘உடையார்’ பெரிய கோயில் எழுந்த காலத்தைப் பேசுவது, ஆறு பாகங்கள். இவ்வளவு வந்தும் பழைய கேள்வி ஓயவில்லை.

மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தபோது அது புதிதாகக் கிளம்பியது. இந்த முறை புகார் வேறு திசையில் இருந்தது. மணிமேகலையைக் காணோம், சேந்தன் அமுதன்தான் உண்மையான இளவரசன் என்ற திருப்பத்தைக் காணோம், மதுராந்தகனே முடிசூடிக்கொள்கிறான் என்று நாவலைப் படித்தவர்கள் வருந்தினார்கள். சரித்திரத்தில் முடிசூடியவன் மதுராந்தகனான உத்தம சோழன்தான், ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை. அந்தக் கற்பனை போனதற்காகத்தான் 2023இல் வாசகர்கள் கல்கிக்காக வழக்காடினார்கள்.