நீரும் நிழலும்: பிரான்சின் தென்னாட்டுக் கால்வாய்க் கரையிலே

பிரான்சு தேசத்தில் வாழும் உறவினரைக் கண்டுவர நம்மவர் போய்வருவது இக்காலத்திற் புதுமையன்று. திருமணம், பிள்ளைப்பேறு என்று ஏதேனும் ஒரு காரியம் பற்றி விமானமேறும் குடும்பங்கள், பாரிசு நகரத்து ஈபிள் கோபுரத்தையும் லா சப்பெல் கடைத்தெருவையும் கண்ட மாத்திரத்தே பிரான்சைக் கண்டுவிட்டோம் என்று திருப்தியுற்றுத் திரும்பிவிடுகின்றன. அவ்வாறு திரும்புமுன் நான்கு நாள்களை ஒதுக்கித் தெற்கே ஒருமுறை சென்றுவருமாறு நேயர்களை வேண்டுகின்றோம். அங்கே மோட்டார் வண்டிகளின் இரைச்சல் எட்டாத பாதை ஒன்று உண்டு. ஒருபுறம் நீர், மறுபுறம் முந்திரிகைத் தோட்டம். வேண்டுவது ஒரு துவிச்சக்கரவண்டியும் சிறிது பொறுமையுமே.

பாதை பிறந்த கதை

'கனால் து மிதி' என்பது அக்கால்வாயின் பெயர். தென்னாட்டுக் கால்வாய் என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். தூலூஸ் நகரில் கரோன் நதியிடத்தே தொடங்கி, மத்தியதரைக் கடலை அடுத்த தோ என்னும் களப்பு வரை 240 கிலோமீற்றர் நீளம் அது செல்கின்றது. கரோன் நதி அத்திலாந்திக் சமுத்திரத்திற் கலப்பதால், இரு கடல்களையும் இணைக்கும் நீர்வழியின் ஒரு பாதியாக இது அமைந்தது.

1666 ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் இதற்கு ஆணையிட்டான். திட்டத்தை வகுத்தவர் பியர் போல் றிக்கே. அவர் எந்திரவியல் கற்றவரல்லர். அரசனுக்காக உப்பு வரி வசூலித்தவர். கால்வாய் வெட்டுவது பெரிதன்று, அதன் மிக உயர்ந்த இடத்துக்கு நீர் எங்கிருந்து வரும் என்பதே பலரையும் மயக்கிய வினாவாகும். கருமலைப் பகுதியின் ஓடைகளைத் தடுத்துச் சென் பெரியோல் என்னுமிடத்திற் பெருங்குளம் ஒன்றை அமைத்து, அங்கிருந்து நீரை நொரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்தார் றிக்கே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 190 மீற்றர் உயரமுள்ள அம்மேட்டிலிருந்து நீர் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து பாய்கின்றது.

வேலை உச்சநிலையில் இருந்தபோது சுமார் 12,000 பேர் உழைத்தனர். அவர்களிற் பெண்களும் இருந்தனர். றிக்கே தமது செல்வத்தையெல்லாம் இதில் இட்டுக் கடனாளியாகி, 1680 ஒக்ரோபரிற் காலமானார். கால்வாய் திறக்கப்பட்டதோ 1681 மே மாதத்தில். எட்டு மாதங்கூட நிரம்பவில்லை. தாம் வெட்டுவித்த நீர்வழி திறக்கப்பட்டதை அவர் காணவில்லை.

ஏன் துவிச்சக்கரவண்டிக்கு உகந்தது?

முற்காலத்திற் குதிரைகள் கரையில் நடந்து, கயிற்றினால் தோணிகளை இழுத்துச் சென்றன. அக்குதிரைகள் நடந்த பாதையே இன்று நமக்குரிய பாதையாகும். நீர் மட்டமாய் நிற்பதால் கரையும் மட்டமாய்ச் செல்கின்றது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டிகள் உள்ள இடங்களில் மட்டும் சிறிது ஏற்ற இறக்கம் உண்டு. சரக்குத் தோணிகள் கடந்த நூற்றாண்டோடு மறைந்துவிட்டன. இப்போது உல்லாசப் படகுகளே ஊர்கின்றன. ஆகையாற் சிறுவரும் முதியவரும் அஞ்சாது செல்லலாம். நீரோரமாகச் செல்லும் சிறுவர்மீது ஒரு கண் இருத்தல் அவசியம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 2017 முதல் அந்நாட்டுச் சட்டமுமாகும்.

தூலூசிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வரை பாதை தார் இட்டதுபோல் மென்மையானது. அதற்கப்பாற் பல இடங்களில் மண்ணும் சரளைக்கல்லும் மரவேர்களுமே எதிர்ப்படும். தடித்த ரயர் பூட்டிய வண்டியே அங்கு ஏற்றது. வடமேற்கிலிருந்து 'செர்ஸ்' என்னும் பலத்த காற்று அடிக்கடி வீசும். எனவே மேற்கிலிருந்து கிழக்கே செல்பவரைக் காற்றே தள்ளிச் செல்லும். எதிராகச் செல்பவர் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

முழுத் தூரமும் செல்ல இயலாதோர் கார்க்கசோன் நகரிலிருந்து பெசியே நகர் வரையுள்ள ஏறத்தாழ 100 கிலோமீற்றரை மூன்று நாளிற் கடக்கலாம். இரு நகரங்களிலும் புகையிரத நிலையங்கள் உண்டு. கோடை நடுப்பகுதியின் வெயில் கொடியது. வைகாசியும் புரட்டாதியும் சிறந்தவை. புரட்டாதியே நாம் சென்ற காலம். முந்திரிகைக் குலைகளை அறுவடை செய்யும் காலமும் அதுவே.

நிழல் முடிந்த இடம்

கார்க்கசோனின் கோட்டை மதில்களைப் பின்னே விட்டுக் கிழக்கே சென்றபோது, நாம் படங்களிற் பார்த்திருந்த காட்சியை எதிர்பார்த்தோம். இருகரையிலும் பிளாத்தான் மரங்கள் நெருங்கி வளர்ந்து, கிளைகள் மேலே கைகோத்துப் பச்சைக் கூரை வேய்ந்திருக்கும் காட்சி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கரையை வேரினாற் பிணிக்கவும் நிழல் தரவும் நடப்பட்ட அம்மரங்கள் ஒரு காலத்தில் 42,000 அளவில் இருந்தன. 1996 இல் யுனெஸ்கோ நிறுவனம் கால்வாயை உலக மரபுரிமையாக ஏற்றபோது அவையே அதன் முகமாய் விளங்கின.

ஆனால் திரேப் என்னும் ஊரை அண்மியபோது நிழல் இல்லை. வெறுங்கரையில் வெயில் காய்ந்தது. 2006 இல் இவ்விடத்துக்கு அருகிலேதான் மரங்களிற் பூஞ்சண நோயொன்று கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையில் அது ஐரோப்பாவுக்கு வந்திருக்கலாம் என நம்பப்படுகின்றது. வேரோடு வேர் தொடுவதாலும், நீரினாலும், மரங்களிற் கட்டப்படும் படகுகளாலும் பரவும் அந்நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தையும் அயலிலுள்ளவற்றையும் வெட்டி எரிப்பதே வழி. அவ்வாறு அரைவாசிக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன.

வெட்டிய இடங்களிற் கன்றுகள் நிற்கின்றன. ஒரே இனத்தை மீண்டும் நட்டால் மீண்டும் ஒரே நோய் எல்லாவற்றையும் கொள்ளும் என்று உணர்ந்து, ஓக், மேப்பிள் முதலிய பல இனங்களைக் கலந்து நடுகின்றனர். நோயை எதிர்க்கும் பிளாத்தான் வகையொன்றும் உருவாக்கப்பட்டுள்ளது. எனினும் நாம் கண்ட கன்றுகளின் நிழல் ஒரு துவிச்சக்கரவண்டியை மறைக்கவும் போதவில்லை.

முந்திரிகை சொல்லும் பாடம்

ஓம்ஸ் என்னும் ஊரை அடைந்ததும் மினர்வுவா பிரதேசத்து முந்திரிகைத் தோட்டங்கள் அடிவானம் வரை விரிகின்றன. திராட்சை மது அருந்தாதவர்க்கும் இக்காட்சி கண்ணுக்கு விருந்தாகும். இத்தோட்டங்களும் ஒருமுறை மாண்டு பிழைத்தவையே. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி வேரை உறிஞ்சிப் பிரான்சின் கொடிகளையெல்லாம் வாட்டியது. 1868 இல் மொன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளான்சோன் முதலியோர் உயிரோடிருந்த கொடிகளின் வேரிலே அப்பூச்சியைக் கண்டுபிடித்தனர். பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் அடியிற் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே நிலையான பரிகாரமாயிற்று. கேடு வந்த திசையிலிருந்தே மருந்தும் வந்தது.

கொடி பிழைத்தது, கமக்காரர் பிழைப்பதோ பெரும்பாடாயிற்று. சீனியும் நீரும் கலந்த போலி மது சந்தையை நிரப்ப, விலை விழுந்தது. 1907 மார்ச் 11 ஆந் திகதி, கால்வாய்க் கரையிலுள்ள ஆர்ஜெலியே என்னும் சிற்றூரிலிருந்து 87 கமக்காரர் நார்போன் நகருக்குப் புறப்பட்டனர். கோப்பிக்கடைக்காரரும் தோட்டக்காரருமான மார்செலின் அல்பேர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சில வாரங்களில் அவ்வெண்பத்தெழுவர் இலட்சக்கணக்கினராயினர். யூன் மாதத்தில் நார்போனிற் படையினர் சுட்டதால் உயிர்கள் பலியாயின. மாத இறுதியிற் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. இன்று ஆர்ஜெலியே வழியே செல்லும் பிரயாணிக்கு அங்கே கேட்பது பறவைகளின் ஒலி மட்டுமே.

மலையைத் துளைத்தும் படிகளில் இறங்கியும்

ஆர்ஜெலியே ஊருக்கு முன்னரே வரும் லெ சொமாய் என்னும் சிற்றூரிற் பழைய கற்பாலமும் பழம் புத்தகக்கடையும் உண்டு. மாணவர்கள் அங்கே ஒரு மணிநேரமேனும் தங்குவர். இப்பகுதியில் 54 கிலோமீற்றர் தூரத்துக்குக் கதவுத்தொட்டி ஒன்றேனும் இல்லை.

அடுத்து வருவது மல்பா குன்று. 1679 இல் றிக்கே அதனைத் துளைத்து ஏறத்தாழ 170 மீற்றர் நீளமான சுரங்கத்தூடே கால்வாயைச் செலுத்தினார். குன்றின்மேல் ஏறி நோக்கினால், 1247 இல் வடிக்கப்பட்ட மொந்தாதிச் சதுப்புநிலம் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் வயல்களாய்ப் பிரிந்து கிடப்பதைக் காணலாம்.

பெசியே நகரின் வாயிலில் பொன்செரான் நீர்ப்படிகள் உள்ளன. எட்டுத் தொட்டிகள் அடுக்கடுக்காய் நின்று, படகுகளை 21 மீற்றருக்கு மேல் ஏற்றி இறக்குகின்றன. நேர்ச்சுவர் மண்ணின் பாரத்தால் இடிந்ததைக் கண்ட றிக்கே, சுவர்களை வில்போல் வளைத்துத் தொட்டிகளை முட்டை வடிவில் அமைத்தார். மூன்றரை நூற்றாண்டாக அவை அசையவில்லை. நகரிலே 1838 இல் நிறுவப்பட்ட அவரது சிலை உயர்ந்து நிற்கின்றது.

அச்சிலையின் அடியில் வண்டியைச் சாய்த்து நின்றபோது, திரேப்பிற் பட்ட வெயிலை நாம் நினைத்தோம். றிக்கே காணாத கால்வாயில் நாம் பிரயாணஞ் செய்தோம். பிளாத்தானை நட்டவர் அதன் முழு நிழலில் இருந்திலர். இன்று ஓக் கன்றுக்கு நீர் வார்ப்பவரும் அவ்வாறே. அந்த வெயிலை நாம் குறைகூறலாகாது. பேரப்பிள்ளைகளின் நிழலுக்கு நாம் செலுத்தும் வாடகை அது. நேயர்கள் செல்லும்போது தண்ணீர்ப் போத்தலையும் தொப்பியையும் மறவாது கொண்டு செல்வார்களாக. கூடவே பிள்ளைகளையும் அழைத்துச் செல்வார்களாக. இன்று இடுப்பளவு நிற்கும் கன்றுகளை, அவர்கள் தம் மக்களோடு மீண்டும் வந்து அண்ணாந்து பார்க்கட்டும்.