சிட்னிக்குப் போன வங்காள ஆடு

தேக்கா ஈரச்சந்தையில் தொடைக்கறியை எலும்போடு வெட்டச் சொல்லிவிட்டு, எந்த ஊர் ஆடு என்று கேட்டால் பெரும்பாலும் 'ஆஸ்திரேலியா' என்றுதான் பதில் வரும். அந்நாட்டு மந்தைகள் சிலவற்றில் வங்காளத்து ரத்தமும் ஓடுகிறது.

1792, 1793-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் செம்மறிகள் கப்பலேறின. சுந்தரவனத்துக் கரோல் ஆடுகளின் வழியில் வந்தவை அவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. கரோல் குள்ள ஆடு. ஆனால் ஓர் ஈற்றில் இரண்டு, மூன்று குட்டி போடும். பிற்காலத்தில் நியூ சவுத் வேல்ஸில் கூமா அருகே, புரூலா பண்ணையின் மெரினோ ஆடுகளும் அப்படியே ஈன்றன. 2001-இல் காரணம் பிடிபட்டது: ஒரே மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். அதற்கு 'ஃபெக்-பி' என்று பெயர். இது உள்ள ஆட்டின் சினைப்பையில் முட்டைப்பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடும். ஒரே பருவத்தில் பல முட்டைகள் வெளிவரும்.

மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிலையம், இதே மரபணுவைக் கரோலிலிருந்து தக்காணி ஆட்டுக்கு ஏற்றி 'நாரி சுவர்ணா'வை உருவாக்கியது. நல்ல வேலைதான். ஆனால் மூன்று குட்டிக்குத் தாயிடம் இருப்பது இரண்டு காம்பு.

தலையீத்துப் பெட்டை விஷயத்தில் மரபணுவைவிடத் தராசையே நான் நம்புவேன். ஏழெட்டு மாதத்திலேயே அது பருவத்துக்கு வரலாம். வளர்ந்த ஆட்டின் எடையில் 60 முதல் 65 விழுக்காட்டையாவது எட்டாமல் கிடாவோடு விட்டால் சினை பிடிப்பது குறையும். பிடித்தாலும் வளரும் தாயும் வயிற்றுக்குட்டியும் ஒரே தீவனத்துக்கு அடித்துக்கொள்ளும். முதல் பருவத்தை விட்டு மூன்றாவதில் சேர்ப்பது மேல். சுழற்சி 17 நாள்தான், ஒரு மாதம் பொறுத்தால் போதும். சில வாரம் கிடாவைப் பிரித்து வைத்துத் திடீரென விடுவதும் பழைய உத்தி. அதன் வாடையே பெட்டைகளைப் பருவத்துக்குத் தூண்டும்.

குளிர்நாட்டு இனங்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பகல் சுருங்கி இரவு நீளும்போது மூளையில் மெலடோனின் அதிக நேரம் சுரக்கும். அதுதான் அவற்றின் நாட்காட்டி. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் அந்த நாட்காட்டி செல்லாது. ஆண்டு முழுக்கப் பகல் நீளம் சில நிமிடங்களே மாறும். சேலத்து மேச்சேரி ஆடும் பகலைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மழை பெய்து மேய்ச்சல் தேறினால் பருவத்துக்கு வந்துவிடும்.