மட்டோல் ஆற்றின் மராமத்துக்காரர்கள்

கலிபோர்னியா என்றால் நம்மவர்களுக்கு சன்னிவேல், சான் ஹோசே, கூகுள் அலுவலகம். அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கம்ப்யூட்டர் வாடையே படாத ஒரு மலைநாடு இருக்கிறது. அங்கே பசிபிக் கடலில் போய் விழும் மட்டோல் என்று ஓர் ஆறு. நீளம் நூறு கிலோமீட்டர். நீர்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 790 சதுர கிலோமீட்டர். பொதுப்பணித் துறையில் காலம் தள்ளிய என் கணக்கில் இது ஆறே இல்லை, கொஞ்சம் பெரிய ஓடை. ஆனால் அந்த ஓடைக்காக அதன் கரையில் வாழ்கிறவர்கள் 1980-லிருந்து பட்டுவரும் பாட்டைக் கேள்விப்பட்டபோது, மகள் வீட்டுக்குப் போன சமயத்தில் நேரில் பார்த்துவிட்டே வருவது என்று முடிவு செய்தேன்.

“அங்க என்னப்பா இருக்கு? செல்போன் சிக்னல்கூடக் கிடைக்காது” என்றாள் மகள். மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டினார். பிரதான சாலையை விட்டு இறங்கியதும் வளைவு, மேடு, மறுபடி வளைவு. ஹனிடியூ என்ற ஊரில் ஒரு கடை, ஒரு தபால் நிலையம். கடலுக்குச் சற்று முன்னால் பெட்ரோலியா. கலிபோர்னியாவின் முதல் எண்ணெய்க் கிணறுகளை 1860-களில் இங்கேதான் தோண்டினார்கள். பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நாங்கள் போனது கோடையில். ஆறு கடலைத் தொடவில்லை. முகத்துவாரத்தில் மணல் திட்டு எழும்பி வாயை அடைத்திருந்தது. உள்ளே நீர் குளம்போல் தேங்கி நின்றது. நம் ஊர் முகத்துவாரங்களில் பார்த்த காட்சிதான். இலையுதிர் காலத்தில் முதல் பெருமழை வந்து வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு போகும்வரை இப்படியே இருக்கும். அந்த உடைப்புக்காக வெளியே கடலில் காத்திருப்பவை சால்மன் மீன்கள்.

சால்மன் பிறப்பது ஆற்றில், கொழுப்பது கடலில். மட்டோலில் மூன்று இனங்கள் உண்டு: சினூக், கோஹோ, ஸ்டீல்ஹெட். சில வருடங்கள் கடலில் திரிந்துவிட்டு, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். பெண்மீன் வாலால் சரளையை அடித்துக் குழி பறித்து ஆயிரக்கணக்கில் சினையிடும். ஆண்மீன் அதன்மேல் விந்தைச் சொரியும். மேலே சரளையைத் தள்ளி மூடிவிட்டால் வேலை முடிந்தது. சினூக்கும் கோஹோவும் அதோடு உயிரையும் விட்டுவிடும். முட்டை பொரிந்து குஞ்சு வெளியேறும்வரை சில மாதங்கள், அந்தச் சரளையின் இடுக்குகளில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடுக்கைச் சேறு அடைத்தால் முட்டைக்கு மூச்சு இல்லை.

மட்டோலில் நடந்தது அதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் வீடு கட்டினார்கள். பலகைக்கு டக்ளஸ் ஃபிர் மரம் வேண்டும். புல்டோசர் கைக்கு வந்திருந்ததால், முன்பு ஏற முடியாத சரிவிலெல்லாம் ஏறி வெட்டினார்கள். போதாக்குறைக்கு அன்றைய கலிபோர்னியா சட்டப்படி, நிற்கும் மரத்துக்கு வருடாவருடம் சொத்து வரி. வெட்டிவிட்டால் வரி கிடையாது! மாடு மேய்த்துப் பிழைத்த நிலக்காரன் வேறு என்ன செய்வான்? 1976-இல் அந்த வரிமுறையை மாற்றினார்கள். அதற்குள் பெரும்பாலான காடு போய்விட்டிருந்தது.

காடு போனது பாதிக் கதை. மீதிப் பாதி, மரத்தை இழுத்துப் போகப் போட்ட சாலைகள். ஓடை குறுக்கிட்ட இடத்தில் குழாய் பதிக்கவில்லை, பாலம் கட்டவில்லை. மரக்கட்டைகளை ஓடைக்குள் உருட்டி, மேலே மண்ணைத் தள்ளி, வண்டியை ஓட்டியிருக்கிறார்கள். கட்டை உளுத்துப்போனால் அத்தனை மண்ணும் ஒரே மழையில் ஆற்றுக்கு வந்துவிடும். எங்கள் துறையில் ஒரு புதுப் பையன்கூட இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டமாட்டான். மண்ணும் சாதாரண மண் அல்ல. நிலத்தட்டுகள் மூன்று சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் மலையே நொறுங்கிய பாறை. ஹனிடியூ பகுதியில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் பெரும்பகுதி குளிர்காலத்தில். 1955-இல் ஒரு பெருவெள்ளம், 1964 டிசம்பரில் அதைவிடப் பெரியது. மலை சரிந்து ஆற்றில் இறங்கியது. ஆழமான மடுக்கள் தூர்ந்தன. கரைமரங்கள் அடித்துச் செல்லப்பட்டதால் ஆறு அகலமாகி, ஆழம் குறைந்து, வெயிலில் காய்ந்து சூடேறியது.

இதற்கெல்லாம் நூறு வருடம் முன்பே வேறொரு அழிவு நடந்திருக்கிறது. ஆற்றுக்குத் தங்கள் பெயரைத் தந்த மட்டோல் பழங்குடியினர் காலங்காலமாக இந்தச் சால்மனைப் பிடித்து வாழ்ந்தவர்கள். 1850-களில் வெள்ளைக் குடியேறிகள் வந்த சில ஆண்டுகளிலேயே அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் விரட்டப்பட்டார்கள். ஆற்றைச் சீர்செய்யும் கதையை 1980-லிருந்து மட்டும் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

மரம் போன நிலம் மலிவாக விலைக்கு வந்தது. 1970-களில் நகர வாழ்க்கை அலுத்த இளைஞர்கள் பலர் அங்கே வந்து குடிசை போட்டார்கள். அவர்களில் ஃப்ரீமேன் ஹவுஸ் என்பவர் முன்னாள் சால்மன் மீனவர். வருடாவருடம் சினூக் குறைவதைக் கண்டு, அவரும் சில நண்பர்களும் சேர்ந்து மட்டோல் சால்மன் குழுவைத் தொடங்கினார்கள். யாரும் உயிரியல் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல. அரசின் மீன்வளத் துறையிடம் அனுமதி வாங்கவே மன்றாட வேண்டியிருந்தது. வேறு ஆற்று மீன்குஞ்சை வாங்கிவந்து விடுவது சுலபம். அதை அவர்கள் விரும்பவில்லை. ஒவ்வோர் ஆற்றுச் சால்மனும் தன் ஆற்றின் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பழகிய தனி வம்சம். மட்டோலுக்கு மட்டோல் மீன்தான் வேண்டும் என்று நின்றார்கள்.

அதற்காக அவர்கள் கற்றுக்கொண்ட வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். குளிர்கால மழையில் ஆற்றின் குறுக்கே தடுப்பு வைத்து மீனை மடக்குவார்கள். பெண்மீனின் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும்: கட்டியாக இருந்தால் இன்னும் நாளாகும், உள்ளே முட்டைகள் உதிரியாக நழுவினால் பக்குவம். அது எப்படியும் சாகப்போகிற மீன்தான் என்றாலும், தலையில் அடித்துக் கொன்று வயிற்றைக் கீறுவது லேசான காரியம் அல்ல. பட்டாணி அளவில், செம்மஞ்சள் நிறத்தில் முட்டைகள் பக்கெட்டில் விழும். அதில் தண்ணீர் படக்கூடாது. முட்டையில் விந்து நுழைய ஒரே ஒரு நுண்துளை உண்டு. நீர் பட்டதும் அது சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஆண்மீனின் விந்தைப் பிதுக்கிக் கையால் மெல்லக் கலக்கிய பிறகே நீர் ஊற்ற வேண்டும். பிறகு முட்டைகள் பொரிப்புப் பெட்டிக்குப் போகும். அது பிளைவுட் பெட்டி, அடியில் சரளை, பக்கத்து ஓடையிலிருந்து குழாய் வழியே வடிகட்டிய நீர். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஆனால் புயல்மழை இரவில் குழாய் வாயை இலை அடைத்தால் மொத்தமும் பாழ். யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பொரித்த குஞ்சுகளைப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆற்றில் விடச் செய்தார்கள். ஹவுஸ் இந்த அனுபவங்களை வைத்து 1999-இல் ‘டோட்டம் சால்மன்’ என்ற நூலை எழுதினார்.

முகத்துவாரத்திலும் வேலை இருந்தது. கடலுக்குப் புறப்பட்ட குஞ்சுகள் மணல் திட்டுக்குள் சிக்கி, கோடை வெப்பத்தில் செத்தன. அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்துக் குளிர்ந்த நீரில் வளர்த்து, மழைக்குப் பிறகு திறந்துவிட்டார்கள்.

எனக்கு இவர்கள்மேல் மரியாதை வந்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். குஞ்சை விட்டுக்கொண்டே இருக்கலாம். மலையிலிருந்து சேறு வந்துகொண்டே இருந்தால்? 1983-இல் மட்டோல் மறுசீரமைப்பு மன்றம் உருவானது. ஆறு முழுவதும், அதன் ஓடைகள் முழுவதும் நடந்து, எங்கே சரிகிறது, எங்கே அரிக்கிறது, எந்தச் சாலை காரணம் என்று பட்டியல் போட்டார்கள். 1988-இல் வெளியிட்ட ஒரு வரைபடம், பழங்காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டதைக் காட்டியது. அடுத்த வருடம் முழு ஆய்வறிக்கை. நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் சர்வேயை, இவர்கள் சமையலறை மேசையில் காகிதத்தை விரித்துவைத்துச் செய்திருக்கிறார்கள்.

சரிவு இருப்பது யாருடைய நிலத்தில்? மூன்று தலைமுறையாக மாடு வளர்க்கும் பண்ணைக்காரரின் நிலத்தில். நேற்று வந்த நீண்ட முடிக்காரர்கள் தன் நிலத்தைக் கை காட்டுவதை அவர் ஏற்பாரா? சால்மனைச் சாக்கு வைத்து நிலத்தையே பிடுங்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. 1990-களின் தொடக்கத்தில் பண்ணைக்காரர்கள், மரம் வெட்டுவோர், மறுசீரமைப்பாளர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச ஒரு கூட்டமைப்பு உருவானது. உள்ளூர் நாடகக் குழு ஒன்று சால்மனை வைத்து இசை நாடகம் போட்டது. மீனும் மனிதனும் சேர்ந்து பாடும் கூத்து. அறிக்கையைப் படிக்காதவர்கள்கூட அதைப் பார்க்க வந்தார்கள். மனசு முழுக்க மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். சாலை விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். தன் பண்ணைச் சாலை மழையில் அறுந்து போவதை யார்தான் விரும்புவார்?

நான் இறங்கி நின்று பார்த்தது அந்தச் சாலைகளைத்தான். கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு, வெள்ளத்தோடு வரும் மரமும் கல்லும் போகும் அளவுக்குப் பெரிய குழாய் பதித்திருக்கிறார்கள். சாலையின் முதுகில் இடைவெளி விட்டு அகலமான தாழ்வுகள். மழைநீர் சாலை வழியே நெடுந்தூரம் ஓடி வேகமெடுக்காமல் அங்கங்கே வெளியேறிவிடும். தேவையில்லாத சாலைகளை அடியோடு கிளறி, சரிவைப் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்து மரம் நட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு கல்வெர்ட்டின் வாயருகே குனிந்து நின்றேன். குழாயின் கீழ்முனையில் பெரிய பாறைகளை அடுக்கியிருந்த விதம் சுத்தமாக இருந்தது.

மூன்றாவது கட்டம் இன்னும் சங்கடமானது. 2000-க்குப் பிறகு வறண்ட கோடைகளில் ஆற்றின் தலைப்பகுதி, வைட்தார்ன் ஊர்ப்பக்கம், விட்டுவிட்டு வற்றத் தொடங்கியது. கோஹோ குஞ்சு ஒரு வருடம் ஆற்றிலேயே இருந்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும். கோடையில் நீர் இல்லையென்றால் அந்த வருட வாரிசு இல்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும், அந்த வட்டாரம் பேர்போன கஞ்சாச் செடிக்கும், அவரவர் ஓடையில் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மீனை நேசித்தவர்கள் வீட்டுக் குழாயும் அதில் உண்டு. சாங்க்சுவரி ஃபாரஸ்ட் என்ற உள்ளூர் அமைப்பு ஒரு திட்டம் கொண்டுவந்தது: உனக்கு ஒரு பெரிய தொட்டி வைத்துத் தருகிறோம், சுமார் 1,90,000 லிட்டர் கொள்ளளவு, குளிர்கால வெள்ளத்தில் நிரப்பிக்கொள், வறண்ட மாதங்களில் ஆற்றைத் தொடமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. இவ்வளவு மழை பெய்யும் வட்டாரத்தில் சேமிக்க இடமில்லாமல் பஞ்சம்!

பேக்கர் ஓடை என்ற கிளையில் மரத்தடிகளைக் குறுக்கே கிடத்திச் சிறு தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். நீரை நிறுத்துவது நோக்கமல்ல; வேகத்தைத் தணித்து, கரைமண்ணுக்குள் இறக்கி, கோடையில் மெதுவாகக் கசியவிடுவது. மீன் தாண்டிப் போக வழி விட்டிருக்க வேண்டும் என்பதால், இதன் உயரத்தைத் தீர்மானிப்பது நம் தடுப்பணையைவிடச் சிக்கலான வேலை. முகத்துவாரத்தில் வேரோடு கூடிய பெருமரங்களை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து இறக்கினார்கள். வெள்ளம் அந்த வேர்களைச் சுற்றிக் குடைந்து மடுவாக்கும், குஞ்சுகள் அங்கே ஒதுங்கும்.

மீன் வந்ததா என்று கேட்பீர்கள். சினூக் அற்றுப்போகவில்லை, பழைய பெருக்கும் திரும்பவில்லை. கோஹோ நிலை மோசம். குளிர்காலத்தில் தொண்டர்கள் ரப்பர் உடை மாட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்து, சினைக்குழியைக் கண்டால் பக்கத்துக் கிளையில் வண்ண நாடா கட்டிவிட்டு, செத்த மீனை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ஆறு நன்றாக இருந்தாலும் கடல் கைவிட்ட வருடங்கள் உண்டு. 2008, 2009-லும், பிறகு 2023, 2024-லும் கலிபோர்னியாவில் கடல் சால்மன் வணிகப் பிடிப்பையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை கேட்டார்: “மாமா, இத்தனை வருஷத்துச் செலவை வந்த மீனால வகுத்தா, ஒரு மீன் என்ன விலை ஆகும்?”

துறையில் எத்தனையோ திட்டங்களுக்கு லாப நஷ்டக் கணக்கு எழுதியவன் நான். சாலை இப்போது மழையில் அறுந்து போவதில்லை, கோடையில் பல வீடுகளில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, உள்ளூர்ப் பையன்களில் சிலருக்கு வருடத்தில் சில மாதம் வேலை இருக்கிறது. இதையெல்லாம் எந்தக் கலத்தில் எழுதுவது என்று அவரிடமே கேட்டேன். நான் குனிந்து பார்த்த அந்தக் கல்வெர்ட்டை மீன் செலவில் சேர்ப்பதா, சாலைச் செலவில் சேர்ப்பதா?

“ஃபண்டு எந்த டிபார்ட்மென்ட்லேர்ந்து வந்துச்சோ, அதுல எழுதிடுங்க மாமா” என்றார்.