பிங்கர்ட்டன் (இசைத்தொகுப்பு)

பிங்கர்ட்டன் என்பது வீசர் என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது செப்டம்பர் 24, 1996 அன்று கெஃபன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. புச்சீனியின் மடாமா பட்டர்ஃபிளை என்ற இசை நாடகத்தில் வரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது.

பின்னணி

1994இல் வெளிவந்த முதல் தொகுப்பைத் தயாரித்தவர் ரிக் ஒகாசெக். இரண்டாவதைக் குழுவினர் தாமே தயாரித்தனர். பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் உணர்ந்த தனிமையும் ஏமாற்றமும் பாடல்களில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன. ஒலிப்பதிவும் கரடுமுரடானது.

மாறுபட்ட கருத்துகள்

முதல் தொகுப்பின் இனிமையை எதிர்பார்த்தோர் ஏமாற்றமடைந்தனர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இது 19ஆம் இடத்தையே எட்டியது. ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர்கள் அவ்வாண்டின் மிக மோசமான தொகுப்புகளுள் ஒன்றாக இதைத் தெரிவு செய்தனர். 2001இல் குவோமோவே இதைக் கடுமையாகப் பழித்தார்.

எனினும் இளம் இரசிகர்களிடையே இதன் செல்வாக்கு வளர்ந்தது. ஈமோ இசைக்குழுக்கள் பல இதனைத் தமக்கு முன்னோடியாகக் கொண்டன. அதே இதழின் வாசகர்கள் 2002இல் இதை எக்காலத்திலும் சிறந்த தொகுப்புகளுள் 16ஆவதாகத் தெரிவு செய்தனர். 2004இல் அவ்விதழ் ஐந்து விண்மீன்கள் வழங்கியது. 2010இல் குழுவினர் இத்தொகுப்பை மேடையில் முழுமையாக இசைத்தனர்.

கருத்து வேறுபாடு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. முன்பு குறையாகக் கருதப்பட்ட வெளிப்படைத்தன்மையைப் பலர் சிறப்பாகப் போற்றுகின்றனர். ஆசியப் பெண்களைப் பாடல்கள் சித்தரிக்கும் விதம் குறித்து வேறு சிலர் கண்டனம் தெரிவிக்கின்றனர்.