தூங்காத கம்ப்யூட்டரும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டும்!

ஆபீஸில் ஒருத்தரை சஸ்பெண்ட் செய்தால் என்ன ஆகும்? வேலை கிடையாது. வீட்டில் இருக்கலாம். அரசாங்க உத்தியோகம் என்றால் பாதிச் சம்பளக் கணக்கில் பிழைப்பூதியம் வரும். நாற்காலி காலி, ஆனால் பேர் ரிஜிஸ்தரில் இருக்கும். ஆர்டர் வந்ததும் திரும்பி வந்து, விட்ட ஃபைலை விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம்.

கம்ப்யூட்டரை சஸ்பெண்ட் செய்வதும் அச்சு அசல் இதேதான் சார்! பிராசஸர், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லோருக்கும் சம்பளம் கட். ராம் என்கிற நினைவகத்துக்கு மட்டும் துளியூண்டு கரண்ட், பிழைப்பூதியமாக. திறந்து வைத்த ஜன்னல்கள், பாதி எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் அது ஒருத்தன்தான் ஞாபகம் வைத்திருப்பான். காலையில் ஒரு பட்டனைத் தட்டினால், ராத்திரி விட்ட கமாவிலிருந்தே எழுத ஆரம்பிக்கலாம்.

என் வீட்டுக் கம்ப்யூட்டர் 12 வருஷம் இப்படித்தான் ஒழுங்காகத் தூங்கி எழுந்துகொண்டிருந்தது. 2012-ல் நான் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது, 'பையன் டேலி கத்துக்கட்டும்' என்று அப்பா மில் சொசைட்டியில் லோன் போட்டு வாங்கிக் கொடுத்தது. கோயமுத்தூரில் நாள் முழுக்க கரண்ட் கண்ணாமூச்சி ஆடிய வருஷம் அது. வாங்கிய அன்றைக்கே கம்ப்யூட்டரைவிட கனமான ஒரு யு.பி.எஸ்.ஸையும் ஆட்டோவில் ஏற்றி வந்தார். பையன் டேலியைக் கற்றுக்கொண்டான். பிறகு அதை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுதக் கிளம்பிவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. லோன் தவணையை மட்டும் கட்டி முடித்தார்.

பழைய மெஷினுக்கு லினக்ஸ்தான் தோது என்று நடுவில் அதற்கு மாறினேன். நிம்மதியாக ஓடியது, 2024 கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி வரை. அன்றைக்குத்தான் புது வெர்ஷனுக்கு அப்கிரேடு செய்தேன். ஒரு மணி நேரம் என்னென்னவோ எழுத்து ஓடி, "முடிந்தது" என்றது. அழகான புது வால்பேப்பர். ஆஹா!

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வருமான வரி பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை அடித்தேன். (வருமானம் இல்லாதவனுக்குத்தான் அதில் நகைச்சுவை தெரியும்.) திங்கள் மதியம் கொடுக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு வழக்கம்போல சஸ்பெண்ட் பட்டனைத் தட்டினேன். ஃபைலுக்குப் பேர்கூட வைக்கவில்லை. 12 வருஷப் பழக்கம்!

காலையில் பட்டனைத் தட்டினால் ஸ்க்ரீன் கறுப்பு. ஆனால் உள்ளே ஃபேன் 'ஙொய்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கீபோர்டில் கேப்ஸ்லாக் தட்டிப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. மவுஸை ஆட்டினேன். கெஞ்சினேன். கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். கட்டுரை போயே போச்சு. அதற்கு வரவேண்டிய சன்மானமும்தான்.

கடைக்குப் போட்டுடலாமா?

"ஏனுங்க, அந்தப் பழசைத் தூக்கி இரும்புக் கடையில போட்டுட்டு, இ.எம்.ஐ.ல ஒரு லேப்டாப் வாங்கிக்கலாமுங்க" என்றாள் மனைவி. நியாயமான யோசனை. சம்பளச் சீட்டே இல்லாத ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கு இ.எம்.ஐ. கொடுக்க யாராவது முன்வந்தால்!

நண்பன் ஒருத்தன் போனிலேயே நாடி பிடித்து, "மதர்போர்டு அவுட் மச்சான்" என்றான். இன்னொருத்தன், "ராம் மாத்து." மூன்றாமவன், "எஸ்.எம்.பி.எஸ்." ஆளுக்கொரு வைத்தியம். நானும் அன்று சாயங்காலத்துக்குள் நாலு இடத்தில் நாலு செட்டிங்கை மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை. போதாக்குறைக்கு சத்தமும் நின்றுபோனது. எதை மாற்றியதால் சத்தம் போயிற்று என்றும் தெரியவில்லை!

ராத்திரி ஈஸிசேரில் படுத்திருந்த அப்பா கேட்டார். ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

"என்னடா கண்ணு, டேலி ஆகலையா?"

அப்பா ஒரு பஞ்சாலையில் 34 வருஷம் கணக்கு எழுதியவர். பத்துப் பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்தவர். விஷயத்தைச் சொன்னேன். நாலு செட்டிங் சமாசாரத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிரயல் பேலன்ஸ் இடிச்சா, லெட்ஜர் பூராத்தையும் அடிச்சா எழுதுவாங்க? வித்தியாசம் ஒன்பதால வகுபடுதான்னு மொதல்ல பாக்கோணும். வகுபட்டா எங்கயோ 54-ஐ 45-னு எழுதியிருக்குது. இரட்டைப்படையா இருந்தா பாதித் தொகை பக்கம் மாறி விழுந்திருக்கான்னு பாக்கோணும். வித்தியாசத்துக்கு ஒரு விலாசம் இருக்கும்டா. மொதல்ல நீ அடிச்சதையெல்லாம் பழையபடி ஆக்கு. அப்புறம் ஒண்ணொண்ணா டிக் போட்டுட்டு வா."

நாலு மாற்றத்தையும் திரும்ப எடுத்தேன். சத்தம் வந்துவிட்டது!

"இதுக்கு தினக்கணக்கு எழுதற வழக்கம் உண்டா?" என்றார்.

உண்டு. அதற்குப் பேரே ஜர்னல்! பி.காம். படித்தவன் காதில் தேன். ஜர்னல்-சி-டி-எல் என்று அடித்து, பக்கத்தில் மைனஸ் பி, மைனஸ் ஒன்று என்று சேர்த்தால், கம்ப்யூட்டர் இதற்கு முந்தைய தடவை ஓடியபோது எழுதி வைத்த பக்கம் வரும். மறுபடி ஒரு தடவை தூங்க வைத்து, மாட்டிக்கொண்டதும் அணைத்து, மீண்டும் போட்டு அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தேன். 'பி.எம். சஸ்பெண்ட் என்ட்ரி, டீப்.' அவ்வளவுதான். ஒழுங்காகத் தூங்கி எழுந்திருந்தால் கீழே 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்று இன்னொரு வரி இருக்க வேண்டும். இல்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "பத்து இருக்குது, வரவு இல்ல. ஒத்தை என்ட்ரி!" என்றார். 34 வருஷ சர்வீஸ் சும்மாவா?

பழைய கர்னல் கொடுத்த சாட்சி

கர்னல் என்பது லினக்ஸின் இதயம். அப்கிரேடில் என் கர்னல் 5.15-லிருந்து 6.8-க்குத் தாவியிருந்தது. நல்ல காலம், லினக்ஸ் புதுசு வந்ததும் பழசை உடனே வெளியே தள்ளிவிடாது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் பழைய கர்னல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். அதில் கிளப்பி, தூங்க வைத்தேன். தூங்கியது. எழுப்பினேன். எழுந்தது!

இந்த ஒரு டெஸ்ட்டுக்குக் காசு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அதன் தீர்ப்பு பெரிது. மதர்போர்டு நிரபராதி. ராம் நிரபராதி. எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி. இரும்புக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நண்பன் பேச்சைக் கேட்டு மதர்போர்டு வாங்கியிருந்தால்..? நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

"அப்ப பழைய கர்னல்லயே ஓட்டிக்கலாம்ல?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நாலு நாள் ஓட்டலாம். நிரந்தரமாகக் கூடாது. பழைய கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போய்விடும். பூட்டு போடாத வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது மாதிரி.

குற்றவாளி புது கர்னலுக்குள் இருக்கிறான். யார்?

கர்னலைச் செய்தவர்கள் இதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சிஸ் என்ற டைரக்டரியில், பவர் என்ற அறைக்குள், 'பி.எம். டெஸ்ட்' என்று ஒரு ஃபைல். தூக்கத்தின் படிகளை ஒவ்வொன்றாக ஒத்திகை பார்க்க உதவும். முதல் படி ஃப்ரீஸர்: ஓடும் புரோகிராம்களை நிறுத்துவது. அடுத்து டிவைசஸ்: மவுஸ், டிஸ்க், நெட்வொர்க் என்று மாட்டியிருக்கும் சாமான்களைத் தூங்க வைப்பது. அப்புறம் பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர். எந்தப் படியின் பேரை எழுதுகிறோமோ, அதுவரை போய், 5 விநாடி நின்று, திரும்பிவிடும். வவுச்சரை ஒவ்வொன்றாக டிக் போடுவதேதான்!

ஃப்ரீஸர் என்று எழுதினேன். போனது, வந்தது. டிக். அப்பா ஒரு பழைய டைரியில் நிஜமாகவே டிக் போட்டார்.

டிவைசஸ் என்று எழுதினேன். போனது. 5 விநாடி. 10 விநாடி. ஒரு நிமிஷம். கறுப்பு ஸ்க்ரீன். ஙொய்ங்.

"சிக்கிட்டான்!" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு நாளாயிற்று. ரிட்டயர் ஆன பிறகு அவரை யாரும் எதையும் டேலி செய்யச் சொல்லவில்லை. அது எனக்கு அன்று ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் உறைத்தது.

பிறகு ஒவ்வொரு சாமானாகக் கழற்றினோம். பிரின்டர்... இல்லை. ஸ்பீக்கர்... இல்லை. மூன்றாவது, கம்ப்யூட்டரின் முதுகில் நகம் சைஸில் ஒட்டிக்கொண்டிருந்த வைஃபை டாங்கிள். பிடுங்கினேன். டிவைசஸ் டிக். பிளாட்ஃபார்ம் டிக். பிராசஸர்ஸ் டிக். கோர் டிக். நிஜமாகத் தூங்க வைத்தேன். தூங்கி எழுந்தது. ஜர்னலில் என்ட்ரி, எக்ஸிட் இரண்டும் ஜோடியாக!

எல்லோரும் தூங்கப் போகும் வீட்டில் ஒரு பொடியன் மட்டும் அடம் பிடித்தால் வீடே விழித்திருக்கும் அல்லவா? அதே கதை. புது கர்னலில் அந்த டாங்கிளின் டிரைவர் தூக்கத்திலிருந்து திரும்பும்போது எங்கோ சிக்கிக்கொள்கிறது. மற்றவர்கள் அதற்காக வரிசையில் நிற்கிறார்கள்.

அதற்காக டாங்கிளைத் தூக்கிப்போட முடியுமா? இன்டர்நெட்டே அதன் வழியாகத்தான். ஆகவே ஒரு குட்டி ஸ்கிரிப்ட். 'சிஸ்டம்-ஸ்லீப்' என்று ஒரு டைரக்டரி உண்டு. அதில் போடும் ஸ்கிரிப்டைத் தூங்கும் முன் 'ப்ரீ' என்றும், எழுந்தபின் 'போஸ்ட்' என்றும் சொல்லி லினக்ஸே கூப்பிடும். 'ப்ரீ' என்றால் டாங்கிளின் டிரைவரை இறக்கு. 'போஸ்ட்' என்றால் ஏற்று. அவ்வளவுதான்.

முதல் தடவை வேலை செய்யவில்லை. ஸ்கிரிப்டுக்கு 'எக்ஸிக்யூட்' அனுமதி கொடுக்க மறந்திருந்தேன். கையெழுத்து இல்லாத செக்! அதைக் கொடுத்ததும் எல்லாம் சுபம்.

உங்களுடையது எந்த ரகம்?

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 என்னுடையதைப் போன்ற 2012 மாடல்களை வாசலிலேயே நிறுத்திவிடும். பழைய மெஷினுக்கு லினக்ஸ் போடும் ஆபீஸ் நண்பர்கள் அதிகம். அவர்களுக்காக:

* தூங்கிய மறு விநாடியே எழுந்துகொள்கிறதா? மவுஸ், கீபோர்டு எழுப்பியிருக்கும். 'ப்ராக், ஏ.சி.பி.ஐ., வேக்-அப்' என்ற ஃபைலில் யார் யாருக்கு எழுப்பும் அதிகாரம் என்ற பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவராக அதிகாரத்தைப் பிடுங்கிப் பாருங்கள். ரீபூட் செய்தால் அதிகாரம் திரும்பிவிடும். அது பரிசோதனைக்கு நல்லதுதான்.

* ஸ்க்ரீன் கறுப்பு, ஆனால் கேப்ஸ்லாக் விளக்கு எரிந்து அணைகிறதா? ஆள் உயிரோடு இருக்கிறார், முகம்தான் தெரியவில்லை. முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல்.

* தூக்கத்திலும் ஃபேன் ஓடி, பெட்டி சுடுகிறதா? அது கோழித் தூக்கம். 'மெம் ஸ்லீப்' என்ற ஃபைலில் 'எஸ்2ஐடில்' தேர்வாகியிருக்கும். பக்கத்தில் 'டீப்' இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

* எந்த ரகமானாலும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். சஸ்பெண்டுக்கு முன்னால் ஃபைலை சேவ் செய்யுங்கள். ராமுக்குப் போகும் கரண்ட் நின்றால் எல்லாம் அவுட். டெஸ்க்டாப்புக்கு வயிற்றில் பேட்டரி கிடையாது.

எல்லாம் முடிந்ததும், "டேலி ஆயிருச்சுப்பா" என்றேன் பெருமையாக.

அப்பா விடவில்லை. "டிரைவர்ல இருக்கற தப்பு சரியாச்சா?"

"இல்லப்பா. ஸ்கிரிப்ட் போட்டு ஒப்பேத்தியிருக்கேன்."

"அப்ப அது டேலி இல்லடா கண்ணு, சஸ்பென்ஸ் அக்கவுன்ட்! வித்தியாசத்தை ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சிருக்கறே. தப்பில்ல. ஆனா வருஷக் கணக்குல நிக்கப்படாது."

அதனால் ஒவ்வொரு புது கர்னல் வரும்போதும் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு ஒரு தடவை தூங்க வைத்துப் பார்க்கிறேன். அப்பா டைரியோடு பக்கத்தில் உட்காருவார். சஸ்பென்ஸ் அக்கவுன்ட் இன்னும் குளோஸ் ஆகவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

வருமான வரிக் கட்டுரையைத் திரும்ப எழுதிக்கொடுத்தேன். முந்தையதைவிட சுமார்தான்.

நேற்று ராத்திரி 11 மணி. ஃபைலை சேவ் செய்து, சஸ்பெண்ட் தட்டினேன். ஃபேன் நின்றது. வீடே நிசப்தம். ஈஸிசேரிலிருந்து மெதுவாக ஒரு குறட்டை. மடியில் டைரி.

அவரும் சஸ்பெண்ட்!