வாசற்படிதான் முதலில் தேயும்

மயிலிட்டித் துறைமுகத்தடியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த அண்ணையின் போன் அடித்தது. அவருடைய வலக்கையில் கோப்பை. இடக்கையால் போனை எடுத்தார். எடுத்த கைக்குப் பக்கத்தில் இருந்த காதை விட்டுவிட்டு, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது காதில் வைத்தார்.

"ஏன் அண்ணை, இடப்பக்கம் வைக்கேல்லை?"

"இதிலைதான் வடிவாக் கேக்கும்."

எப்ப தொடக்கம் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் படகில் இஞ்சின் பிடித்தவர். 1990 ஜூனில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தபோது இளந்தாரி. 2017 ஜூலையில் இராணுவம் துறைமுகத்தை விடும் வரைக்கும் வேறு கரைகளில் இருந்துதான் தொழில் செய்தார். கரை மாறினாலும் படகில் அவர் இருந்த இடம் மாறவில்லை. பின்பக்கம், இடக்கையால் இஞ்சின் பிடி, இடக்காதடியில் அதன் இரைச்சல்.

"காது கேக்குது தம்பி. மனுசி சொல்லுறதுதான் விளங்குதில்லை. அவ வாய்க்குள்ளை கதைக்கிறா" என்றார்.

கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்ற இந்தப் பேச்சை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். குறை வீட்டுக்காரியின் வாயில் இல்லை. உட்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுற்றிய குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பது அவைதான். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் கலங்கள் குழலின் வாசலிலும், கனத்த ஒலிகளைப் பிடிப்பவை உள்ளே தள்ளியும் இருக்கின்றன. எல்லாரும் மிதிக்கிற வாசற்படி முதலில் தேய்வது போல, வாசலில் இருப்பவைதான் முதலில் அழிகின்றன. மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை.

அங்கேதான் பேச்சு குழம்புகிறது. "பால்", "கால்" என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். "ஆல்" என்ற பகுதி கனத்த ஒலி, அது தாராளமாகக் காதில் விழும். முன்னால் வரும் அந்தச் சின்ன வெடிப்புத்தான் பாலையும் காலையும் பிரிக்கிறது. அந்த வெடிப்பு உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. வாசல் தேய்ந்த காதுக்கு அது போய்ச் சேராது. ஆகவே சத்தம் வரும், சொல் வராது. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதால் கேட்பவருக்கே அது தெரிவதில்லை. ரீவீயைக் கூட்டுவார், தலையைத் திருப்புவார், போனைக் கை மாற்றுவார். கடைசியில் கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிடுவார். அளந்து பார்த்தால் ஒழிய வெளிச்சத்துக்கு வராத குறை இது.

"என்ன, ஊசி கீசி போடுவாங்களோ?" என்று அண்ணை கேட்டார்.

ஒன்றும் இல்லை. சத்தம் புகாத அறையில் காதுகளில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். ஒவ்வொரு காதாக, 250 ஹேர்ட்ஸ் தொடக்கம் 8000 வரை மெல்லிய ஒலிகள் வரும். மட்டுமட்டாகக் கேட்டாலும் பொத்தானை அமத்த வேண்டும். கேட்ட ஆகக் குறைந்த அளவுகளைக் கோடாக வரைவார்கள். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்து அதையே திரும்பச் செய்வார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாக மட்டும் கேட்காவிட்டால் தடை வெளிக்காதில் அல்லது நடுக்காதில் இருக்கிறது. காதுக்குறும்பி அடைத்திருக்கலாம். ஷெல் வெடித்த காலத்தில் சவ்வு கிழிந்தவர்களுக்கு அது இன்னும் ஆறாமல் இருக்கலாம். முந்தியதை எடுத்துவிடலாம், பிந்தியதைச் சத்திரசிகிச்சையால் அடைக்கலாம். இரண்டு வழியாலும் கேட்காவிட்டால் உட்காது. இஞ்சின் இரைச்சலில் கெட்ட காதென்றால் 4000 ஹேர்ட்ஸ் அண்டையில் கோடு பள்ளம் போல இறங்கி, 8000இல் கொஞ்சம் ஏறும். படித்த கண்ணுக்கு அந்தப் பள்ளம் உடனே தெரியும்.

இந்த ஊரில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தாய் தகப்பன் காலத்தில் மயிலிட்டி என்றால் காசநோய் வைத்தியசாலைதான். 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் ஊசி அந்த நோயிலிருந்து எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றியது. அதே ஊசி சிலருக்கு உட்காதைக் கெடுத்துத் தலைச்சுற்றையும் கேளாமையையும் கொடுத்தது. ஜென்ரமைசின், அமிக்கசின் என்று அதன் இனத்து மருந்துகள் இப்போதும் பாவனையில் உள்ளன. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாற்றினும் காதைத் தாக்கக்கூடியது. உயிருக்கு வேண்டிய மருந்தென்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தொடங்குமுன் ஒருமுறையும் இடையிலும் காதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரைச்சலில் தொழில் செய்பவர் வருடம் ஒருமுறை அளப்பது நல்லது. மற்றவர்கள் ஐம்பது வயதிலிருந்து சில வருடங்களுக்கு ஒருமுறை, அறுபத்தைந்துக்குப் பிறகு இன்னும் கிட்டக்கிட்ட. ஒரே இரவில் ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் தடிமன் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். மருந்து பலிக்கும் நாட்கள் கொஞ்சம்தான்.

அண்ணை பிளேன்ரீயை முடித்துவிட்டார். யாழ். போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டை கிளினிக் இருக்கிறது, காதுக்கருவி தேவையா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?"

"அவருக்கு என்ன வயது?"

"இருபத்தாறு. இப்ப அவன்தான் இஞ்சின் பிடிக்கிறான்."